முதல் பட்டதாரி சலுகை

மஸ்கட்

எளாவூரில் இருக்கும் சுகிர்தா அப்பாவுக்கு சாராள் எழுதுவது. ஆண்டவர் தயவில் நல்லா இருக்கிறேன். உங்க முட்டிவலி இப்போது எப்படி? போனை எப்பவும் சுகிர்தாதான் எடுக்கிறாள். அவள் காதில் விழக்கூடாது என்றுதான் ஊருக்கு வரும் கிறிஸ்டினாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதல் பட்டதாரி சலுகை கேட்டு தாலுகா ஆபீசுக்குப் போன சுகிர்தாவிடம், "உங்க அண்ணன் ஜோஷ்வா பேர்ல வாங்கிக்கினீங்களேம்மா, ஊட்டுக்கு ஒருத்தருக்குத்தான்" என்றார்களாம். அவன் இரண்டாம் வருஷத்திலேயே செத்துப்போனான், பட்டம் எங்கே வாங்கினான்? இறப்பு சர்டிபிகேட் கொண்டுவந்தால் கேட்டுப் பார்க்கலாம் என்றார்களாம். சலுகை கிடைக்காவிட்டால் நம்மால் காலேஜ் பீஸ் கட்ட முடியாது.

அந்த சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில், அவன் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பெட்டியை நீங்க திறக்க மாட்டீங்க, தெரியும். ஆனாலும் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு நீங்களே எடுத்துப் போங்க. அண்ணன் செத்த பேப்பரை அவள் கையில் கொடுத்து அனுப்பாதீங்க.

இங்கே ஒரு வேடிக்கை. எத்தனை பிள்ளை என்று வீட்டம்மா கேட்டாங்க. பாஷை தெரியாமல் ரெண்டு விரலைக் காட்டினேன், ரெண்டு டப்பா மிட்டாய் கொடுத்துட்டாங்க. கிறிஸ்டினா கொண்டுவருவாள். அவள் திரும்பும்போது கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்க.

வேலைக்குக் கூப்பிடுறாங்க. ஆபீசில் எத்தனை பிள்ளை என்று கேட்டால் தடுமாறாதீங்க, ஒண்ணு என்று சொல்லிடுங்க. நான் இங்கே ரெண்டு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

சாராள்