வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

கல்லாத்துமேடு
16.2.2025

அன்புத் தம்பி ராஜுவுக்கு,

அக்கா ரூத் எழுதறேன். மலைக்காத்துல மூட்டுவலி கொஞ்சம் படுத்துது, மத்தபடி சுகம். பீளமேட்டில் நீ, உன் ஊட்டுக்காரி, கல்யாணப் பொண்ணு உன் மக ஜெனிஷா எல்லாரையும் கர்த்தர் கண்ணுக்குள்ள வெச்சுக் காக்கட்டும்.

நம்ம ரோட்டு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து என்னைத் தூக்கிப்போட்டியாமா? போன் பண்ணினா "மீட்டிங்ல இருக்கேங்க்கா"ங்கறே. அதனாலதான் காகிதம். இதை எந்த பட்டனை அமுக்கித் தூக்குவேன்னு பார்க்கறேன்.

நல்லதை முதல்ல சொல்லிப்போடறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறவங்களுக்காக நீ ரிசார்ட் சங்கத் தலைவரா நின்னு ரோட்டோரமா வெள்ளைக் கோடு போட்டே, டியூப்லைட் கட்டினே, மோர்ப்பந்தல் வெச்சே. பாலக்காட்டுப் பக்கமிருந்து பச்சை வேட்டி கட்டிட்டு வந்த சனம் கோட்டுக்கு இந்தப் பக்கம் கையை வீசிட்டு நடந்துச்சு. ஒரு கார்க்காரன் ஹார்ன் அடிக்கலை. நம்ம ரோட்டுல இப்படியும் நடக்க முடியுமான்னு இருந்துச்சு. மோர் வாங்க வந்தவங்ககிட்டெல்லாம் "தலைவர் என் தம்பிங்க"ன்னு பீத்திக்கிட்டேன்.

பந்தலைப் பிரிச்சாச்சு. கோடாவது இருக்கட்டும் கண்ணு. உன் ரிசார்ட்டில் பெட்ஷீட் துவைக்கிற லாஸ்யா தினமும் சைக்கிள்லதான் வருது. சமையல்கட்டுப் பொம்பளைங்க நடந்து வாராங்க. சனி, ஞாயிறானா சன்ரூஃபைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்திட்டுப் போறானுங்க உன் கெஸ்ட்டுங்க. ஒருத்தன் எம்மேல பீர் பாட்டிலை வீசிட்டுச் சிரிக்கறான். முப்பது வருஷம் பி.டி. டீச்சரா விசில் ஊதினவ நான், குனிஞ்சு அந்தப் பாட்டிலை எடுத்து ஓரமாப் போட்டுட்டு வந்தேன். அத்தனை அருவருப்பு.

சாமிக்கு நடந்தா மோரு, வேலைக்கு நடந்தா ஹார்னா? கோட்டை அழிச்சுப்போடாதே.

பாசமுள்ள அக்கா,
ரூத்

*

பீளமேடு
3.3.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்க காகிதத்தை என் ஊட்டுக்காரியும் ஜெனிஷாவும் படிச்சுட்டுச் சிரிச்சாங்க. எந்த வயசிலும் உங்க வாய் குறையாதுங்க. மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கேன்.

கோடு இருக்கணும்னு எனக்கும் ஆசைதானுங்க. ஆனா கோட்டைப் பார்த்தா அங்க கார் நிறுத்த கெஸ்ட் யோசிக்கறாங்கன்னு பக்கத்து ரிசார்ட் கதிரேசன் சார் ஒத்தக் கால்ல நிக்கறார். அதனால கறுப்பு பெயிண்ட் அடிச்சு மறைச்சாச்சு. சைக்கிள் விஷயத்தை நான் மறக்கலை. ரிசார்ட்டுக்கு உள்ளேயே, நீச்சல் குளத்தைச் சுத்தி, சைக்கிள் பாதை போட்டுட்டேன். மஞ்சள் சைக்கிள், ஹெல்மெட் எல்லாம் இருக்குது. நீங்க வந்தா உங்களுக்கு இலவசம்!

இன்னொண்ணுங்க. கேட்டுக்கு முன்னால ரோட்டை ஒட்டி அப்பா உங்க பேருக்கு எழுதி வெச்ச துண்டு நிலம் சும்மாதானே கிடக்குது. மே மாசம் ஜெனிஷா கல்யாண ரிசப்ஷன் நம்ம ரிசார்ட்டிலதான். கார் நிறுத்த எனக்கு அந்த இடம் வேணும். என் பேருக்கு எழுதிக் கொடுத்துடுங்க. அத்தை சீதனமா இருக்கட்டும். "அத்தைதான் எனக்கு முக்காடு போட்டு சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகணும்"னு ஜெனிஷா ஒரே பேச்சா நிக்குது.

அன்புத் தம்பி,
அமிர்தராஜ்

*

கல்லாத்துமேடு
10.4.2025

ராஜு,

லாஸ்யாவை இடிச்சுட்டாங்க.

நீ கறுப்பு அடிச்ச இடம் பூரா வரிசையா கார் நின்னுச்சு. ஓரத்துல போக இடமில்லாம அந்தப் பொண்ணு நடு ரோட்டுக்கு வந்து ஓட்டியிருக்குது. பின்னால வந்த கெஸ்ட் ஜீப் அடிச்சுத் தூக்கிப்போட்டுது. ஜீப்பை விட்டு எறங்கினவன் முதல்ல குனிஞ்சு பார்த்தது பம்பரை. நான் ஓடிப்போய்த் தலையை மடியில வெச்சுக்கறேன், அவன் எங்கிட்ட "ஸ்கிராட்ச் ஆயிடுச்சு"ங்கறான். இவனெல்லாம் சோத்தைத்தான் திங்கறானா?

முழங்கால் நொறுங்கிப் போச்சு. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில படுத்திருக்குது. நீ கூடை நிறைய ஆப்பிள் அனுப்பியிருக்கே. ஆப்பிளைக் கால்ல கட்டிட்டு அது நடக்குமா?

அதையும் பொறுத்துக்கிட்டேன். நேத்து உன் கேட்டுல ஒரு ஃபிளெக்ஸ் தொங்குது. "பாதுகாப்பான சாலை நம் கடமை. பணியாளர்கள் இனி சைக்கிளிலோ நடந்தோ வரக் கூடாது." கீழே நீ கை கூப்பிச் சிரிச்சுட்டு நிக்கறே. இடிச்சவனுக்கு ஒரு வார்த்தை இல்லை, இடிபட்டவளுக்குத் தடை. கேட்டுக்கு உள்ளே, அவ துவைச்ச துண்டைத் தோள்ல போட்டுட்டு ஒருத்தன் ஹெல்மெட்டோட நீச்சல் குளத்தைச் சுத்திச் சுத்தி ஓட்டறான். கேட்டுக்கு முன்னாலயே நின்னு தொண்டை கிழியக் கத்திப்போட்டேன் ராஜு. பூக்காரம்மா தண்ணி கொடுத்துச்சு.

கோட்டைத் திரும்பப் போடு. காரையெல்லாம் உள்ளே நிறுத்தச் சொல்லு, அத்தனை புல்வெளி கிடக்குதில்ல? இதைச் செஞ்சா நீ கேட்ட துண்டைப் பத்தி உக்காந்து பேசலாம். ஜெனிஷா கல்யாணத்துக்கு முன்னால நமக்குள்ள சண்டை வேண்டாம்.

அக்கா,
ரூத்

*

பீளமேடு
22.4.2025

அக்காவுக்கு,

ஊரே கேட்கற மாதிரி கேட்டுக்கு முன்னால நின்னு சத்தம் போட்டீங்களாமா. எனக்குத் தலைகுனிவாப் போச்சுங்க.

அந்தப் பொண்ணுதான் நடு ரோட்டுக்கு வந்துச்சுன்னு பார்த்தவங்க எல்லாம் சொல்றாங்க. இனிமே வேலைக்காரங்களுக்கு வேன் விடறோம், வாடகையைச் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுக்குவோம். இதுக்கு மேல என்ன செய்யணும்ங்கறீங்க? புல்வெளியில கார் ஏத்த முடியாதுங்க. கல்யாண போட்டோ ஷூட் அங்கதான்.

தெளிவாச் சொல்லிடறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள அந்த நிலத்தை எழுதிக் கொடுங்க. முடியாதுன்னா ரிசப்ஷனுக்கு மட்டுமில்லை, சர்ச்சுக்கும் நீங்க வராம இருக்கறது நல்லதுங்க. ஜெனிஷாகிட்ட நான் சொல்லிக்கறேன்.

அமிர்தராஜ்

*

கல்லாத்துமேடு
19.5.2025

ராஜு,

கையெழுத்துப் போட்டுட்டேன். உன் பேருக்கில்லை. அந்தத் துண்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாச்சு. நடக்கறதுக்கும் சைக்கிள் ஓட்டறதுக்கும் மட்டும்னு அதுலயே எழுதச் சொன்னேன். ஊராட்சிச் செயலர் பாலுசாமி "நல்லா யோசிச்சுட்டீங்களா டீச்சர்"னார். யோசிச்சுத்தான் தூக்கமே வரலைங்கன்னேன். கார் ஏற முடியாதபடி கல் நட்டாச்சு. உன் கேட்டுக்கு வழி விட்டிருக்கேன். ஒரு ஆள் நடக்கற வழியை அடைக்க எனக்கு மனசு வராது.

உன் பக்கத்து ரிசார்ட் கதிரேசன் போன்ல கத்தினார். வயசானவளுக்குப் புத்தி பெரண்டு போச்சாமா. நீ ஒரு போன்கூடப் பண்ணலை. அதுதான் எனக்கு இன்னும் கசக்குது.

இன்னைக்கு ஜெனிஷா கல்யாணம். காலையில நீ எடுத்துக் கொடுத்த பழைய பட்டைக் கட்டிக்கிட்டு ஊட்டுக்குள்ளேயே உக்காந்திருந்தேன். அந்தப் புள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டினது நான், பால்பல் விழுந்தப்ப அது ஓடி வந்தது எங்கிட்ட. முக்காடு யார் போட்டாங்களோ. சர்ச்சு மணி அடிக்கற நேரத்துக்கு வாய் விட்டு அழுதேன். நீ சந்தோஷப்படுவேன்னு தெரிஞ்சும் எழுதறேன். இந்தத் துண்டை உனக்குக் கொடுத்திருந்தா இன்னைக்கு நான் முதல் வரிசையில உக்காந்திருப்பேன், அதுவும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் லாஸ்யாவும் அவ அம்மாவும் வந்தாங்க. அந்தப் புதுப் பாதையில வாக்கரைப் பிடிச்சு நடக்கப் பழக்கினேன். "முழங்காலை மடக்கு, மூஞ்சியை மடக்காதே"ன்னு சொன்னா சிரிக்குது. வலிக்குது, ஆனா நிக்காம நடக்குது. உன் ரிசப்ஷனுக்கு வந்த கார் ஒவ்வொண்ணும் எங்களைப் பார்த்து ஹார்ன் அடிச்சுட்டுப் போச்சு.

அப்புறம் பூ வெச்ச கார் வந்துச்சு. முன் சீட்டுல நீ. பின்னால ஜெனிஷா என்னைப் பார்த்துட்டுக் கையைத் தூக்கினா. நீ திரும்பி ஏதோ சொன்னே, அவ பக்கத்துக் கண்ணாடி மேலே ஏறிடுச்சு.

லாஸ்யாவோட அம்மா கேட்டாங்க: "ஏனுங்க டீச்சர், அது உங்க தம்பிங்களா?"

"இல்லைங்க அம்மணி. ஏதோ ரிசார்ட்டுக்கு வந்த காரு"ன்னு சொல்லிட்டு, லாஸ்யாவை அடுத்த அடி எடுத்து வைக்கச் சொன்னேன்.

ரூத்