விட்டுப்போன பக்கம்

ஏப்ரல் 7, திங்கள்

ஆறரைக்கே வெயில். இட்லி, காரச் சட்னி. தண்ணீர் பாட்டில் இரண்டு. சிவப்புப் பேனா மூன்று, அதில் ஒன்று கசிகிறது.

விடைத்தாள் திருத்தும் முகாமில் இன்று மூன்றாம் நாள். பிளஸ் டூ கணிதம். காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு. போன வருடமும் இதே பள்ளி, இதே ஹால், தலைக்கு மேல் இதே கடகட ஃபேன்.

போன வருடம் ஒரு பக்கத்தை விட்டேன். இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். தாளின் கடைசியில் மூன்று பக்கம் ரஃப் ஒர்க், பென்சில் கிறுக்கல். அதற்குப் பின்னால் ஒரே ஒரு பக்கத்தில் ஐந்து மார்க் கணக்கு, முழுதாக. எல்லாம் ரஃப் என்று சேர்த்துப் புரட்டிவிட்டேன். சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளை விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்திருக்கிறது. மார்க் திருத்தி வருவதற்குள் அது கேட்ட காலேஜில் அட்மிஷன் லிஸ்ட் போட்டுவிட்டார்களாம். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தாளில் பெயர் இருக்காது.

எனக்கு மெமோ. விளக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மெமோவைவிடப் பெரிய பயம் வேறு ஒன்று. அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. என்ன யோசித்துக்கொண்டிருந்தேன்? தெரியவில்லை. நாற்பத்து நாலு வயதில் இப்படி என்றால் இனி இந்த வேலைக்கு நான் லாயக்கா? இந்த முகாமில் தெரிந்துவிடும். இன்னொரு பக்கம் விட்டால் அவர்கள் சொல்லும் முன் நானே எழுதிக் கொடுத்துவிடுவேன், இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று.

அதனால் எனக்கு நானே விதிகள்:
சுவரோரம் உட்காருவது.
பேச்சில் கலந்துகொள்வதில்லை.
ஒவ்வொரு தாளின் மூலையையும் இடது கட்டைவிரலால் தொட்டு எண்ணுவது. ரஃப் பக்கமானாலும் சரி, வெற்றுப் பக்கமானாலும் சரி.
முடித்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால்...

இதை எழுதும்போதே பால் பொங்கிவிட்டது.

பலன்: எங்கள் குழுவில் நான்தான் கடைசி. திருத்துபவர்கள் ஆறு பேர். ஆறு பேர் விடைத்தாள் கட்டும் சேர்ந்துதான் போக வேண்டும், ஒருவர் பாக்கி இருந்தாலும் யாரும் கையெழுத்துப் போட்டுக் கிளம்ப முடியாது. டோட்டல் சரிபார்க்கும் அமுதா டீச்சர் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா டீச்சர், பட்டுப் பொடவ வாங்க வந்தா மாதிரி ஓரத்தத் தடவிக்கினே கீறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜோசபின் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தாமல் கிராமத்திலிருந்து வருகிறவர். மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சு பத்து வண்டிய உட்டா அடுத்தது ஏழு மணிக்குத்தான் மேடம். மாமியாருக்கு நான் போனாதான் இன்சுலின் ஊசி. ஊசி போட்டாதான் சாப்பாடு."

வேகமாக முடிக்கப் பார்த்தேன். வேகம் என்றதும் கை நின்றுவிடுகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

புது முயற்சி. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. மனம் வெளியே போகும்போதெல்லாம் ஒரு கோடு.

காலையில் மட்டும் நாற்பத்தொரு கோடு. போன இடங்கள்: கேஸ் அடுப்பை அணைத்தேனா. மாடியில் காயும் மிளகாய். தையல்காரரிடம் இரண்டு மாதமாகக் கிடக்கும் ப்ளவுஸ். அமுதா டீச்சரின் தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை (சென்னையில் வேலை, முன்பக்கம் முடி இல்லை). அந்தப் பிள்ளை. ஃபேன். மறுபடி அந்தப் பிள்ளை. அது இப்போது எந்த ஊரில் என்ன படித்துக்கொண்டிருக்கும். மிளகாய்.

மதியம் கோடு போடுவதே பெரிய கவனச்சிதறல் ஆகிவிட்டது. எங்கள் குழுத் தலைவர், முதன்மைத் தேர்வாளர் சார், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம்தான், சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாமா இது, கிரிக்கெட் ஸ்கோரா?"

"இல்ல சார். சும்மா."

உட்கார்ந்தார். தணிந்த குரலில்தான் சொன்னார். "போன வருஷ மேட்டர் எனக்கும் தெரியும். ஆனா ஒண்ணு புரிஞ்சிக்கமா. ஸ்லோவா திருத்தினா கேர்ஃபுல்லா திருத்தறேன்னு அர்த்தம் இல்ல. தூங்கிக்கினுகூட ஸ்லோவா திருத்தலாம்."

சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

ஜோசபின் டீச்சர் ஐந்துக்குக் கிளம்பி ஓடினார். முதுகுப்பை மேலும் கீழும் குதித்தது.

வீட்டுக்கு வந்தால் கோயில் உற்சவத்து மைக்செட், தெருவுக்கு ஒன்று. இவர் தறியில் இருந்தார். பக்கத்தில் ஸ்டூல் மேல் போன், அதில் யாரோ அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே நெய்கிறார். எரிச்சலாக வந்தது. "இவ்வளவு சத்தத்துல எப்படித்தான் தப்பில்லாம வருது?" என்று கேட்டேன்.

"தப்பு வராமயா? இழை அறுந்தா அங்கியே தெரிஞ்சிடும். நிறுத்து, முடி போடு, ஓட்டு. அவ்ளோதான்." இரண்டு இழை ஓட்டிவிட்டு: "உன்துல யார் சொல்றது? ரெண்டு மாசம் கழிச்சி மெமோதான் வரும்."

ஆறுதலுக்காகச் சொன்னாரா, வெறுமனே சொன்னாரா தெரியவில்லை. ரசம் வைத்தேன். உப்பு போட மறந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

தலைவலி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன். வெளிச்சத்தம் குறைந்தது. என் இதயத்துடிப்பு கேட்க ஆரம்பித்தது. எடுத்துவிட்டேன்.

ஒரு தாளின் முடிவில்: ‘அய்யா, அம்மா, யாராக இருந்தாலும் பாஸ் போடவும். அக்கா கல்யாணத்தில் படிக்க முடியவில்லை.’ தொகையீட்டுக் கணக்கு இரண்டு மட்டும் போட்டிருந்தது, இரண்டும் சரி.

எலுமிச்சைச் சாதம். யாரோ கொடுத்த மசால்வடை பாதி.

நான்கு ஐம்பத்தைந்துக்கு முடித்தேன். இன்றும் கடைசி. ஜோசபின் டீச்சர், "நேத்து ரன்னிங்ல ஏறுனேன் மேடம். செருப்பு வாரு பிஞ்சிடுச்சி" என்று சொல்லிக்கொண்டே புதுச் செருப்பைக் காட்டினார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதனாலேயே கஷ்டமாக இருந்தது.

உடம்பு முழுக்க அலுப்பு. வேலையால் வந்ததல்ல. என்னை நானே வேவு பார்க்கிற அலுப்பு.

ஏப்ரல் 10, வியாழன்

மகாவீர் ஜெயந்தி, முகாம் விடுமுறை. பழைய வினாத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்யலாம் என்று திட்டம். போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கதவைச் சாத்தினேன். இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

எழுந்ததும் துணி துவைத்தது. மாலையில் சாமி பார்க்கக் கிளம்பித் தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன். கூட்டம்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். சாயங்காலம் தெருவெல்லாம் அடைத்துவிடுவார்கள், நாலரைக்கே முடித்துவிடலாம் என்று காலையிலேயே சார் சொல்லிவிட்டார். எல்லோரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

காலை வழக்கம்போல.

மதியம் மூன்றாவது தாளோ நான்காவது தாளோ, என்னவோ நடந்தது. ஹால் இல்லை. ஃபேன் இல்லை. ஒரு கையெழுத்து, அடுத்த வரி, அடுத்த படி, மார்க். எழுதிய பிள்ளை அடுத்து எங்கே தடுக்கி விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. விழுகிறது. அடுத்த தாள். நிமிர்ந்தபோது பன்னிரண்டும் முடிந்திருந்தன. மணி நான்கடித்து ஐந்து நிமிடம். நான்தான் முதல்.

"அட, இன்னிக்கி எக்ஸ்பிரஸ் வண்டியா!" என்றார் அமுதா டீச்சர். என் தாள்களையும் சரிபார்த்து முடித்தார். நாலரைக்கு எல்லாக் கட்டும் கட்டியாகிவிட்டது. ஜோசபின் டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கையெழுத்து வரிசையில் முதலில் நின்றார். நான் அவருக்குப் பின்னால். எத்தனை நாளைக்குப் பிறகு மனசு இப்படி லேசாக!

வரிசையில் நின்றபடி சும்மா நினைத்துப் பார்த்தேன். ஐந்தாவது தாள் எப்படி இருந்தது? நினைவில்லை. ஏழாவது? இல்லை. கட்டைவிரலால் எண்ணினேனா?

ஒன்றுமே இல்லை. போன வருடத்து அந்த ஒரு மணி நேரம் போலவே வெற்றுப் பக்கமாக இருந்தது.

வரிசையை விட்டு வெளியே வந்தேன். "சார், என் கட்டைப் பிரிக்கணும்."

"இன்னாத்துக்குமா?"

"பக்கம் எண்ணினேனான்னு ஞாபகம் இல்ல சார்."

"நான் பாத்துட்டேன் டீச்சர். எல்லாம் கரெக்டா கீது" என்றார் அமுதா டீச்சர். போன வருடமும் ஒருவர் பார்த்தார். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குக் கேட்டுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சார் கட்டின் நூலை அறுத்தார்.

எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஜோசபின் டீச்சர் பையைக் கீழே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு தாள், ஒவ்வொரு பக்கமும். ஒருவர் உச்சுக் கொட்டினார். முடிக்க ஐந்தே கால் ஆனது.

தவறு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் விடவில்லை, ஒரு அரை மார்க் தப்பவில்லை.

"திருப்தியாமா?" என்றார் சார். தலையாட்டினேன்.

பஸ் போய்விட்டது. வாசலில் ஜோசபின் டீச்சர் வீட்டுக்காரரிடம் போனில்: "பக்கத்து வூட்டு ஸ்டெல்லா இல்லியா? அப்ப நீயே போடு... ஒண்ணும் ஆவாதுயா... வயித்துல, தொப்புள்கிட்ட வேணாம், தள்ளிப் போடு... கைய நடுக்காத." நான் பக்கத்தில் நின்றேன். மன்னிச்சுக்கங்க என்றேன். "பரவால்ல மேடம்" என்றார், என்னைப் பார்க்காமல். கூட்டத்தில் நடந்து போனார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மூழ்கிப்போன மணியும் தொலைந்துபோன மணியும் உள்ளேயிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. இரண்டிலும் நான் இல்லை. போன வருடம் நான் ஏனோதானோ என்று இருந்தேன் என்றுதான் ஒரு வருடமாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை அன்றும் இன்று மதியம் போலவே இருந்திருக்கலாம். கணக்குகளுக்குள் அவ்வளவு ஆழமாகப் போயிருந்ததால்தான் ரஃப் பக்கங்கள் தானாகவே புரண்டனவோ என்னவோ. தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. எனக்கு நானே சாட்சி சொல்ல முடியாது.

இவர் சாமி பார்க்கக் கூப்பிட்டார். போகவில்லை.

ஏப்ரல் 12, சனி

போக வேண்டாம் என்றே இருந்தது. போனேன்.

யாரும் சரியாகப் பேசவில்லை. ஜோசபின் டீச்சரிடம் மாமியாரைப் பற்றிக் கேட்டேன். "அவுரே போட்டுட்டாரு மேடம். கெழவி இன்னா சொல்லிச்சி தெரியுமா? ‘உன்ன உட எம்புள்ள வலிக்காம போடறான்.’ மூணு வருஷமா நான் போடறேன்!" சிரித்தார். அப்பாடா.

பிறகு அவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து போட்டார்.

"உங்க தாளு பன்னெண்டையும் நான் பொரட்டறேன், என்துது நீங்க பொரட்டுங்க. மார்க்க தொட வேணாம். எல்லாப் பக்கத்துலயும் செவப்பு கீதான்னு மட்டும்."

"எதுக்கு டீச்சர், உங்களுக்கு வேலை."

"இல்லாட்டி நீங்க கட்ட பிரிச்சிக்கினே இருப்பீங்க, நான் பஸ்ஸ உட்டுக்கினே இருப்பேன்."

சாரிடம் கேட்டோம். அப்படி ஒரு வழக்கம் இல்லையே என்றார். ஜன்னலைப் பார்த்தார். "கட்டறதுக்கு முன்ன முடிச்சிக்கோங்க."

காலைத் தாள்கள் முடிந்ததும் மாற்றிக்கொண்டோம். அவர் மடமடவென்று புரட்டினார். என்னுடையதில் ஒன்றும் இல்லை.

அவருடைய தாள்களில் எட்டாவது. இரண்டு பக்கம் பேனாவால் குறுக்கே அடித்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பக்கம், நல்ல கையெழுத்து, முழுக் கணக்கு. சிவப்பு மை இல்லை.

பக்கத்தைத் திறந்தபடியே அவர் பக்கம் நகர்த்தினேன்.

பார்த்தார். முன்னால் புரட்டினார், மறுபடி அந்தப் பக்கம். "ஐயோ. நான் பாக்கவே இல்ல மேடம்."

படித்துத் திருத்தினார். கடைசிப் படியில் ஒரு குறி தப்பு. ஐந்துக்கு நான்கு. முன்பக்கத்தில் டோட்டலை அடித்து எழுதினார். சார் வந்து சுருக்கொப்பமிட்டார்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். சிவப்பில்லாத அந்தப் பக்கத்தைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை எழுதிய பிள்ளைக்கு மார்க் கிடைக்கப் போகிறதே என்பதற்காக அல்ல. அவரும் விட்டாரே என்பதற்காக. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மொத நாள்லேர்ந்து எவ்ளோ தாளு போச்சி மேடம்? அதுல எத்தினி உட்டிருப்பேன்?"

நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாம் கட்டிப் போய்விட்டன.

"தெரியாது டீச்சர்" என்றேன். "சாப்பிடுங்க."

டப்பாவை மூடிவிட்டார். நான் என்னுடையதை முழுவதும் சாப்பிட்டேன். மதியம் பன்னிரண்டு தாள். அவர் இடது கட்டைவிரலால் மூலையைத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்து மணிக்கும் முடிக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம்.