சொல்லி முடிக்கும் முன்னே

9-11-91, சனி

காலையிலிருந்து தூறல். இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நல்ல பெயருக்காக எதையும் மாற்ற மாட்டேன், என் தப்பு உட்பட.

குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி. தலைப்பு: அன்றாட மளிகைக்கு ஏற்றது தெருக்கடையா, புதுக் கடையா? பஸ் ஸ்டாண்டு பக்கம் திறந்திருக்கிறார்களே, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நாமே பொறுக்கிக்கொள்ளும் கடை, அதனால் வந்த தலைப்பு. என் வகுப்பு ஸ்டெல்லா புதுக் கடைக்கு (இனி பு.கடை). நான் எங்கள் தெரு அண்ணாச்சி கடைக்கு.

என் காரணங்கள்:
1. ரொம்பப் பக்கம். மழையில் குடைகூட வேண்டாம்.
2. நாலணாவுக்கு மிளகு கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.
3. (இதுதான் பலமானது) நாம் சொல்லி முடிக்கும் முன்பே மனமறிந்து கொடுப்பார்.

மூன்றாவது அம்மாவை வைத்துத் தோன்றியது. அம்மாவுக்குத் திக்குவாய். க, ந எல்லாம் சுலபத்தில் வராது. அவள் தவிப்பதை அண்ணாச்சி பார்த்துக்கொண்டு நிற்கவே மாட்டார். "க" என்றதுமே, "கசகசாதானம்மா? இந்தா" என்று பொட்டலம் கட்டிவிடுவார். தங்கமான மனிதர்.

கசகசா டப்பா நிரம்பி வழிகிறது. அப்பா: "இன்னாத்துக்குடி இவ்ளோ கசகசா? ஓட்டல் வைக்கப்போறியா?" அம்மாவுக்கு மறதி அதிகம்.

11-11, திங்கள்

குடைக்கம்பி ஒன்று உடைந்தது. கணக்குப் பரீட்சையில் 71.

பள்ளி விட்டு வரும்போது பு.கடைக் கண்ணாடி வழியே அம்மாவைப் பார்த்தேன். கோயிலுக்குப் போவதாகச் சொன்னவள்! கையில் கூடை. ஒவ்வொன்றாக எடுக்கிறாள், பார்க்கிறாள், வைக்கிறாள். ஒரு சோப்பை முகர்ந்து பார்த்தாள். பிறகு கடலைப்பருப்பு. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவசரமில்லாத அம்மாவை நான் பார்த்ததே இல்லை போலிருந்தது.

ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அண்ணாச்சிக்காகப் பேசப் போகிறேன், என் அம்மாவே இப்படியா? சாப்பிட மாட்டேன் என்று படுத்தேன். (உண்மை: பிறகு இரண்டு தோசை.)

12-11, செவ்வாய்

மழை விட்டது. கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி உனுக்கு இன்னா கெடுதல் பண்ணாரும்மா?"

"ஒ-ஒண்ணும் பண்ணல. நல்லவரு. நான் க-க-கடலப்பருப்புன்னு ஆரம்பிப்பேன். அவரு கசகசாம்பாரு. பின்னால நாலு பேரு நிப்பாங்க. ஆமான்னுட்டு வாங்கிகினு வந்துடுவேன்."

"சீட்டுல எழுதித் தரட்டா?"

"ஏன், எ-எனுக்கு வாயில்லியா?" சிரித்தாள். கொஞ்சம் கழித்து, "அவராண்ட சொல்லிடாதடி வசந்தி. ம-மனசு நொந்துடுவாரு."

அப்படியானால் மறதி இல்லை. இத்தனை வருஷமும்.

என் தப்பையும் எழுத வேண்டும். வீட்டில் அம்மாவின் பேச்சை முடித்துவைப்பது நான்தான். அதில் எனக்குப் பெருமைகூட.

13-11, புதன்

தமிழ் டீச்சர்: "அந்த மூணாவது பாயிண்ட்தான்டி உனக்குப் பரிசு." அதைக் கோடு போட்டு அடிப்பதா வேண்டாமா? எனக்குப் பரிசு வேண்டும். மிகவும் வேண்டும். அடிக்கவில்லை.

நாளை பெற்றோரும் வரலாம். அம்மா ஒருமுறையும் பள்ளிக்கு வந்ததில்லை, யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று. இன்று நீலப்புடவையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

14-11, வியாழன்

நடந்தது. முதல் இரண்டு காரணங்களுக்கும் கைதட்டல். "மூன்றாவதாக" என்றேன். இரண்டாம் வரிசையில் நீலப்புடவை. அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஓரத்திலிருந்து டீச்சர், "மனமறிந்து... மனமறிந்து..." பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணாச்சின்னு சொல்லுடி!" சிரிப்பு. ஆளாளுக்கு ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்றும் என்னுடையது இல்லை.

அம்மா மட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை. மடியில் கை வைத்துக்கொண்டு, நேரம் நிறைய இருக்கிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூன்றாவது காரணம் ஒன்று எழுதியிருந்தேன். அது சரியில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

முதல் பரிசு ஸ்டெல்லா. எனக்கு ஒன்றும் இல்லை. டீச்சர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அழவில்லை என்று எழுத ஆசை. அழுதேன். திரும்பும்போது நல்ல மழை, உடைந்த குடையில் இரண்டு பேர். அம்மா என் தோளை விடவில்லை.

இப்போது நான் எழுத, பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ இன்னிக்கி ந... ந..."

'நல்லாப் பேசினேனா?' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். காத்திருந்தேன். அவளும் அவசரப்படவில்லை. வெளியே பஸ் ஒன்று போய் ஓய்ந்தது.

"ந-ந-நனைஞ்சிட்ட. தல இன்னும் ஈரமா கீது பாரு."

அவளே துண்டெடுத்துத் துவட்டிவிட்டாள். எழுத்தெல்லாம் ஆடுகிறது. இந்த வரி இருட்டில் எழுதுகிறேன், லைட்டை அணைத்துவிட்டாள்.