ஒட்டுப்பல்

வீட்டில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை இன்னும் போகவில்லை. நான் நகத்துக்கு எதுவும் பூசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கியது உங்கள் சுறாப் பல்லுக்காக. இல்லை, என் சுறாப் பல்லுக்காக.

பெரியநாயக்கன்பாளையம் பம்ப் கம்பெனியில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து உதிரிபாகங்களை அளந்துகொண்டிருந்த நாம் இருவரும், புதைபடிவம் தேடும் கிறுக்கையும் சேர்ந்தே பிடித்துக்கொண்டோம். முதல் தடவை அரியலூர்ப் பக்கம் போன ஞாயிற்றுக்கிழமை, மழை அரித்த களிமண்ணில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒன்று எனக்குத் தட்டுப்பட்டது. சாய்ந்த கூர்முனை, ஓரத்தில் சின்ன வெட்டு, அடிப்பக்கம் உடைந்திருந்தது. உங்களிடம் நீட்டினேன். "வெறுங் கல்லுங்க அம்மணி, வீசிப்போடுங்க" என்றீர்கள். வீசினேன். நீங்கள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தீர்கள்.

அடுத்த மாதம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில், உங்கள் உள்ளங்கையில் வேரோடு முழுசாக ஒரு சுறாப் பல். அதே வெட்டு. நான் வீசியதுதானே இது என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "அம்மணிக்கு இன்னும் கண்ணு பழகலைங்க" என்று டிபன் பாக்ஸை மூடினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். தரம் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிறவளைப் பார்த்து.

சரியென்று கண்ணைப் பழக்கினேன். பல்லின் எனாமல் காய்ந்திருந்தாலும் மினுங்கும், கல் அப்படி மினுங்காது. ஓரத்தில் நகத்தை இழுத்தால் சிலது ரம்பம் போலச் சொரசொரக்கும். நேராக நிற்பது முன்பல், சாய்ந்திருப்பது பக்கப்பல், வேரும் அதற்கேற்றபடிதான் இருக்கும். இதையெல்லாம் ஆசையில் படிக்கவில்லை, ஆத்திரத்தில் படித்தேன். உங்கள் முகத்துக்கு நேரே சொல்வதற்குள் நெஞ்சுவலி என்று போய்ச்சேர்ந்துவிட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மனைவி அந்தப் பல்லைக் கொண்டுவந்தார். ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் உங்கள் பெயரில் வைக்கப்போகிறார்களாம், என்ன சுறா என்று அட்டை எழுதித் தரவேண்டுமாம். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பல் ஒரு சுறாவினுடையது, வேர் வேறொன்றினுடையது. நடுவில் மயிரிழையாகப் பசை. "ஒட்டுனதுங்க, பிரிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டு, பசை கரைய அவர் கண்முன்னால்தான் கிண்ணத்தில் ரிமூவர் ஊற்றி ஊறப்போட்டேன். ஒரு மணி நேரத்தில் இரண்டாக விட்டுப்போனது.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ஒட்டுனதே அவருதானுங்க. பல்லு நான் எடுத்ததுங்க" என்றேன். சொல்லும்போது இனித்தது. அதை மறைக்கமாட்டேன்.

அவர் அழவில்லை. வேரை மட்டும் எடுத்து முந்தானையில் துடைத்தார். "இதாவது அவரு எடுத்ததுங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? விலைக்கு வாங்கினீர்களோ, இன்னொருவரிடம் சுட்டீர்களோ. "ஆமாங்க" என்றேன். அதைக் கைக்குள் மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கண்காட்சியில் இப்போது பல் மட்டும் இருக்கிறது, என் பெயரோடு. உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் உங்களுக்காகச் சொன்ன ஒரு பொய்யை இனி ஆயுசுக்கும் நான்தான் கட்டிக்காக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் உங்கள் மேல் கோபம்.