பாலத்திலிருந்து அழைப்பேன்

சியூமான்,

டொராண்டோவிலிருந்து வரும் உன் அண்ணனை அழைத்துவர விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டேன். தாமரைக்கிழங்கு சூப் அடுப்பில் இருக்கிறது. மீனை நான் வந்து ஆவியில் வைக்கிறேன். அரிசியைக் கழுவிக் குக்கரில் போட்டிருக்கிறேன், பொத்தானை இப்போது அழுத்தாதே.

நேற்று நீ கேட்டது நியாயம்தான். "ரயில்ல இருபத்தஞ்சு நிமிஷம்பா. பஸ்ல ஆடி அசைஞ்சு வரணுமா? அம்மாவே இல்ல, யாருக்காக இந்தப் பிடிவாதம்?" பதில் சொல்லாமல் நான் கதவைச் சாத்திக்கொண்டது தப்பு.

அண்ணன் வரும் ஒவ்வொரு முறையும் உன் அம்மா அவனை மாடி பஸ்ஸின் முன் இருக்கையில்தான் கூட்டி வருவாள். வழியில் கடல்மேல் போகும் சிங் மா பாலம் வந்ததும் எனக்குப் போன் செய்வாள்: "பாலத்துல ஏறிட்டோம், குக்கரைப் போடுங்க!" அவர்கள் செருப்பைக் கழற்றும்போது சோறு வெந்திருக்கும். அவள் சாவுக்கு அவன் ரயிலில் தனியாக வந்தான். நான் கதவைத் திறந்தபோது வீட்டில் சோறு இல்லை.

இன்று பாலத்திலிருந்து நான் அழைப்பேன்.

அப்பா

இரும்புக் கதவைப் பூட்டாதே, என் சாவி மேசைமேல் இருக்கிறது.

என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் போனை எடுக்க வேண்டாம். மணி அடித்ததும் பொத்தானை மட்டும் அழுத்திவிடு.