குஸ்கோவின் சுவரும் கோயில் மாடியும்

இன்று காலை மின்சாரம் போய் மின்விசிறி நின்றதும் கீழ்வீட்டில் தனாக்காக் கட்டை அரைக்கிற சத்தம் கேட்டது. ஈரக் கல்லின்மேல் மரக்கட்டை வட்டமாகச் சுற்றும் சத்தம். சற்று நேரத்தில் வாசனையும் மாடி ஏறி வந்தது. யாங்கோனில் எந்தத் தெருவிலும் பெண்கள் கன்னத்தில் பூசிக்கொள்ள அரைப்பதுதான். இவ்வளவு பொதுவான ஒரு வாசனை ஒரு தனி ஆளை நினைவுபடுத்துவதில் நியாயமில்லை. ஆனாலும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் நீ கைப்பேசியில் பார்த்த ஒரு வீடியோவில் தொடங்கியது. தென் அமெரிக்க மலைகளில், குஸ்கோ நகரத்தில், இன்கா மக்கள் கட்டிய சுவர்கள். ஆளைவிட உயரமான கற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், சாந்து இல்லை, நடுவில் கத்தி முனைகூட நுழையாது. நிலம் குலுங்கி மற்றக் கட்டடங்கள் விழுந்தபோதும் அவை நின்றன. எப்படிக் கட்டினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது என்றது அந்த வீடியோ. பிறகு அதுவே மூன்று விடைகளும் சொன்னது: கல்லை மாவாக இளக்கும் ஒரு பச்சிலைச் சாறு, பூதங்கள், வானத்திலிருந்து வந்தவர்கள்.

"நீதானடி கல்லுப் படிச்சவ. சொல்லு பாப்பம்," என்றாய் தொலைபேசியில்.

நான் படித்தது நிலவியல், நீ இயற்பியல். ராணுவம் பல்கலைக்கழகத்தை மூடி வைத்திருந்த ஆண்டுகளில் பட்டம் வருமா வராதா என்று சேர்ந்து காத்திருந்தவர்கள் நாம். கடைசியில் எனக்குக் கிடைத்தது தாகேதாப் பகுதியில் தரைக்கல் விற்கும் கடையின் அலுவலகம். எந்தக் கல்லில் எண்ணெய்க் கறை பிடிக்கும் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நீ வீட்டில் டியூஷன் எடுத்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பசுந்தாங் கோயில் மாடியில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாய். தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள். உன்னை டீச்சர் என்று கூப்பிடாமல் பர்மியத்தில் சயாமா என்றார்கள். அது உனக்கு ஒரு குறையாகத் தோன்றவே இல்லை.

தெரிந்ததைச் சொன்னேன். கல் வெட்டிய இடங்கள் இன்றும் இருக்கின்றன. பாதி செதுக்கிய கற்களும், வழியில் கைவிட்ட கற்களும் கிடக்கின்றன. அடித்துச் செதுக்கப் பயன்பட்ட கெட்டியான ஆற்றுக் கற்கள் அங்கேயே கிடைத்திருக்கின்றன. சுவரில் அவற்றின் கொத்துத் தடம் தெரிகிறது. சாறு வேண்டாம், பூதமும் வேண்டாம்.

"அப்ப எல்லாம் தெரியும்ங்கற?"

"எல்லாம் தெரியாது. அவ்வளவு பெரிய கல்லத் தூக்கி, எறக்கி, சரிபார்த்து, மறுபடி தூக்கி, எப்படிப் பொருத்தினாங்கன்னு நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்க. ஒண்ணும் முடிவாகல."

"அது போதும்டி எனக்கு," என்றாய். உன் குரலில் ஒரு திருப்தி. தெரியாதது ஒன்று மிச்சமிருப்பதை நீ எப்போதும் வரவு வைத்துக்கொண்டாய். எனக்கு அது முடிக்காமல் விட்ட வேலை.

அடுத்த ஞாயிறு உன் வீட்டுத் தனாக்காக் கல்லையும் பக்கத்து வீட்டம்மாவின் கல்லையும் கோயில் மாடிக்குக் கொண்டுபோனாய். ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து, மணலும் தண்ணீரும் விட்டு, பிள்ளைகளை முறைவைத்துத் தேய்க்கச் சொன்னாய். வகுப்பு முடியும்போது காகிதம்கூட நுழையவில்லை என்று எனக்குப் படம் அனுப்பினாய். பக்கத்து வீட்டம்மா மறுநாள் கன்னம் எரிகிறது, என் கல்லில் மணலைப் புதைத்துவிட்டாய் என்று பர்மியத்தில் தெருவுக்கே கேட்கும்படி திட்டினார்.

நான் பிழை கண்டுபிடித்தேன். வருஷக்கணக்கில் அரைத்த கல் நடுவில் குழிந்திருக்கும். ஓரம் மட்டும்தான் ஒட்டும், உள்ளே வெற்றிடம் என்றேன். பிறகு நேர்மைக்காக இதையும் சொன்னேன்: இன்கா சுவர்கள் சிலவற்றிலும் அடுத்தடுத்த கற்கள் வெளிமுகத்தில் மட்டும்தான் அவ்வளவு நெருக்கம், உள்ளே மண்ணும் கல் துண்டும்தான்.

நீ வெகுநேரம் சிரித்தாய். "அவங்களும் நம்மள மாதிரிதான். வெளிய தெரியற எடத்துலதான் கவனம்."

அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கற்களைத் தேய்த்த கதை பிள்ளைகள் வழியாகக் கோயில் கமிட்டித் தலைவர், எல்லோரும் பர்மிய மரியாதையில் 'ஊ' சேர்த்துக் கூப்பிடும் ஊ மாணிக்கத்தின் காதுக்குப் போனது. அந்த மாதம்தான் கமிட்டியில் மாடியைப் பற்றிப் பேச்சு எழுந்திருந்தது. ஜப்பானிய மொழி வகுப்பு நடத்த ஒருவர் இடம் கேட்டிருந்தார். நம் பிள்ளைகளே ஜப்பானுக்கு வேலைக்குப் போக அதைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் வகுப்பில் பாயில் பாதி காலியாகக் கிடந்தது. மாடி உன்னிடம் இருக்குமா போகுமா என்பது பொங்கல் விழாவில் பெற்றோர் காட்டும் அக்கறையைப் பொறுத்தது என்று முடிவானது.

ஊ மாணிக்கம் உன்மேல் பிரியம் உள்ளவர். அவரே வழியும் சொன்னார். அந்தச் சுவர்களைக் கட்டியது கடல் கடந்து போன ஆதித் தமிழர்கள்தான் என்று அவர் வேறொரு வீடியோவில் பார்த்திருந்தார். "அத மேடையில சொல்லும்மா. தாய் தகப்பன்லாம் நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பிள்ளைகள அனுப்புவாங்க. மாடிய எவன் கேக்கறான்னு பாத்துருவோம்."

நீ அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். ஓடைக்கரை டீக்கடையில், சின்ன முக்காலிகளில், பஸ் இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம்.

"ஆதாரம் கெடையாது," என்றேன்.

"இல்லன்னும் ஆதாரம் கெடையாதுல்ல? எப்படிக் கட்டினாங்கன்னே தெரியலன்னு நீதான சொன்ன."

"எப்படின்னுதான் தெரியல. யாருன்னு தெரியும். தெரியாத எடம் காலி நாற்காலியா, நம்ம ஆளக் கொண்டுபோய் உக்கார வைக்க?"

"உனக்கென்னடி. ஒனக்கு வகுப்பும் இல்ல, பிள்ளைகளும் இல்ல. ஒரு சின்னப் பொய்யில நாப்பது பிள்ளைக எழுத்துக் கத்துக்குதுன்னா?"

"பெரியவங்களானதும் தேடிப் பாப்பாங்க. அப்ப நீ சொன்ன எழுத்தையும் சேத்துச் சந்தேகப்படுவாங்க."

நீ டீயைக் குடிக்காமல் எழுந்து போனாய். நான் சொன்னது சரிதான். ஆனால் சரியானதைச் சொன்னதால் நீ அசைந்ததாகத் தெரியவில்லை. விழாவுக்கு வரும்போது நீ ஊ மாணிக்கம் சொன்னதைத்தான் பேசப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மேடையில் சுவரின் படத்தைக் காட்டினாய். கல்லைத் தேய்த்த கதையைச் சொன்னாய்; பக்கத்து வீட்டம்மாவின் கன்னத்தையும் விடவில்லை. சபை சிரித்தது. ஊ மாணிக்கம் முன்வரிசையில் முகம் மலர உட்கார்ந்திருந்தார். பிறகு நீ சொன்னாய்:

"இந்தச் சொவத்தக் கட்டினது நம்ம ஆளுகன்னு சொல்லச் சொல்றாங்க. சொல்ல எனக்கும் ஆசதான். ஆனா பாருங்க, நம்ம தாத்தாமாரு இந்த ஊர்ல கப்பல்துறையில கல்லு தூக்கினாங்க. ரயில் ரோட்டுக்கு ஜல்லி கொட்டினாங்க. எங்கயாச்சும் பேரு எழுதியிருக்கா? நாளைக்கி ஒருத்தன் வந்து, இதெல்லாம் இவங்களால முடியாது, வேற எவனோ வந்து செஞ்சு குடுத்தான்னு சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? அந்த மலையில இருக்கற பிள்ளைகளுக்கும் அப்படித்தான இருக்கும். கட்டினது அவங்க தாத்தாமாரு. எப்படிங்கறது பாதி தெரியுது, பாதி தெரியல. தெரியாத பாதியில நாம பேரு எழுதிக்க வேணாம்."

அதையே பர்மியத்திலும் சொன்னாய், பிள்ளைகளுக்காக. பின்வரிசையில் ஒருவர், "அப்ப சாப்பாடு எடுக்கலாமா?" என்றார். எல்லோரும் நிம்மதியாக எழுந்தார்கள்.

நான் நாள் முழுக்க யோசித்திருந்தாலும் அந்தக் காரணம் எனக்குத் தோன்றியிருக்காது. நான் ஆதாரத்தைப் பார்த்தேன். நீ அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தாய். இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்தோம், ஆனால் நீ வந்த வழியில் ஆட்கள் இருந்தார்கள். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, "மைக்க வாயோட ஒட்டிப் பிடிக்காத, பாதி காதுல விழல," என்று மட்டும் சொன்னேன். "ஒனக்குப் பாதி போதும்," என்றாய்.

மாடி போய்விட்டது. சித்திரைக்குள் ஜப்பானிய எழுத்துகள் எழுதிய பலகை அங்கே தொங்கியது. நீ வகுப்பை உன் வீட்டுக்கு மாற்றினாய். அந்த வீட்டு மாடிப்படி ஏறிவர அலுக்காத சில பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். ஒருமுறை கேட்டேன், அன்றைக்கு அவர் சொன்னபடி பேசியிருந்தால் மாடி மிஞ்சியிருக்குமா என்று. "தெரியலடி," என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாய். உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று நான் இன்றும் நம்பவில்லை. உன் விஷயத்தில் நடக்கவில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், எழவில்லை. வகுப்பு அதோடு நின்றது. அதை நான் எடுத்து நடத்துவேன் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். எனக்குக் குழந்தைகளோடு பேச வராது. இல்லாததை உன் பெயரால் நடிக்க விருப்பமில்லை.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது வகுப்பு அல்ல, ஒரு சின்னத் தயக்கம். ஒருவர் எதையாவது சொல்லும்போது, அது உண்மையா என்று கேட்பதற்கு முன் அதற்குள் எந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். எப்போதும் முடிவதில்லை.

சென்ற வாரம் ஊ மாணிக்கம் கோயில் படிக்குக் கல் பார்க்கக் கடைக்கு வந்தார். வயதாகிவிட்டது. விலை விசாரித்த பிறகும் போகாமல் நின்றார்.

"ஞாயித்துக்கெழம பேரப்பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கப்பல்துறைப் பக்கம் போனேன்மா. ஒரு கல்லக் காட்டி, இது என் தாத்தா தூக்கி வச்சதுடான்னு சொன்னேன். தொட்டுப் பாத்துச்சுங்க."

அத்தனை கற்களில் அந்தக் கல் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேள்வி வாய்வரை வந்தது. அந்தக் கல் இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்துக் கல்; தூக்கியது நம் தாத்தாமார்தான்.

"பெரிய கல்லா மாமா?" என்று கேட்டேன்.

"பெருசும்மா," என்று அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.