கேட்டால் சொல்ல வேண்டிய பதில்

8 ஜூலை 2024, திங்கள்

இன்றும் டார்கெட் எட்டவில்லை. காலர் தைக்கிற கலைமதி பதினோரு மணிக்குள் இரண்டு தடவை கை தூக்கினாள். என் கழுத்தில் தொங்கும் பாத்ரூம் கார்டுக்குத்தான். லைனில் நாற்பது பேருக்கு ஒரே கார்டு. ஒருத்தி போய் வந்த பிறகுதான் அடுத்தவள். "உனுக்கு மட்டும் தனியா ஒண்ணு கட்டி வுடவா?" என்றேன். லைனே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் சாயங்காலம் வரை கை தூக்கவில்லை. சூப்பர்வைசர் ஆனதிலிருந்து எனக்கு வாய் நீளம்.

11 ஜூலை

கலைமதி வரவில்லை. காய்ச்சலாம்.

13 ஜூலை, சனி

வேலை விட்டதும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கிளியனூரில் கலைமதி வீட்டுக்குப் போனேன். மூத்திரக் கடுப்பு, குளிர் காய்ச்சல். வயிற்றில் ஐந்து மாதம் வேறு. என்னிடம்கூடச் சொல்லவில்லை இந்தப் பெண்!

"சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்கன்னு பயந்துகினு இருந்தேங்க்கா. தண்ணி நெறைய குடிக்கணும்னு டாக்டரம்மா சொல்லிச்சு. குடிச்சா உங்ககிட்ட கார்டு கேக்கணுமே, அதான் குடிக்கறதில்ல. நம்ம லைன்ல யாருமே குடிக்கறதில்லக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

22 ஜூலை, திங்கள்

வியாழக்கிழமை பையர் ஆடிட். நாங்கள் தைக்கும் சட்டையில் தன் பெயரைப் போட்டு வெளிநாட்டில் விற்கிற கம்பெனியைத்தான் பையர் என்போம்; இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்து, மேனேஜர் சக்கரபாணி சார் என்னிடம் கொடுத்தார்.

"பாத்ரூமுக்கு நெனச்சப்ப போலாம்னு சொல்லணும். இதுல மட்டும் யாரும் ஒளறக் கூடாது செல்வி. ஆர்டர் போச்சுன்னா எல்லாரும் வீட்ல ஒக்காந்துக்கலாம்."

என் கார்டைக் கழற்றச் சொல்லி டிராயரில் வைத்துப் பூட்டினார்.

கலைமதி வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "நெனச்சப்ப போலாங்க" என்று என் முகத்தைப் பார்த்தே ஒப்பித்தாள். வெட்கமாக இருந்தது.

25 ஜூலை, வியாழன்

பையருக்காகச் சென்னையிலிருந்து வந்தவர் அஸ்வினி என்கிற பெண். என் லைனில் எட்டுப் பேரைத் தனி அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். எட்டுப் பேரும் தாளில் இருந்ததைப் பிசகாமல் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் எட்டுத் தண்ணீர் பாட்டில். ஒன்றில்கூட மூடி திறக்கவில்லை.

"இந்தப் புழுக்கத்துல ஒருத்தர்கூடக் குடிக்கலையே, ஏங்க?"

இதற்குத் தாளில் பதில் இல்லை. நாங்கள் யாருமே யோசிக்கவில்லையே! தாகமில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கார்டு, டிராயர், அச்சடித்த தாள், நான் கிண்டலடித்தது - எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதேன்.

"அவசரம் அவசரம்னு டார்கெட்ட ஏத்தறதே உங்க பையர் குடுக்கற தேதிதாங்க. இப்ப தப்ப கண்டுபுடிச்சிட்டு நீங்க பாட்டுக்கு வேற ஊருக்குப் பூட்டா, நாங்க எங்க போறது?"

எழுதிக்கொண்டார்.

என்னடி செய்துவிட்டாய் செல்வி! புள்ளத்தாச்சிப் பொண்ணு வேலைக்கு நீயே உலை வச்சிட்டியா?

29 ஜூலை, திங்கள்

ஆர்டர் போகிறதென்று ஊரெல்லாம் பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கலைமதி மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எனக்காவத்தான் சொன்னீங்களாக்கா?"

"போடி. எனக்காவ" என்றேன். பொய்யில்லை.

மல்லாட்டைத் துவையலில் பாதியை என் தட்டில் தள்ளினாள்.

5 ஆகஸ்ட்

இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

19 ஆகஸ்ட், திங்கள்

பையர் போகவில்லை! டெலிவரிக்கு மூன்று வாரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். கார்டு கூடாது, கர்ப்பிணிகளை நிறுத்தக் கூடாது, மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் வந்து பார்ப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். சக்கரபாணி சார் என் பக்கம் திரும்பாமலே நோட்டீஸைப் படித்து முடித்தார்.

கடைசியில், "செல்வி, அடுத்த மாசத்துலருந்து நீ மெஷின்ல ஒக்காரும்மா" என்றார். எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சூப்பர்வைசர் வேலை அவ்வளவுதான். கொஞ்சம் வலித்தது.

2 செப்டம்பர், திங்கள்

ஏழு வருடம் கழித்து மெஷின். பெடலில் கால் ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. பக்கத்து மெஷின் கலைமதி. மதியத்துக்குள் நான் தைத்த காலரில் ஆறைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். "கோணிக்கினு போவுதுக்கா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு.

நாளை செக்கப்புக்கு லீவு கேட்டிருக்கிறாள். சார் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம். "உன் பீஸையும் நானே தச்சி வைக்கிறேன், நிதானமா போயிட்டு வா" என்றேன்.

"ஐயோ, வேணாங்க்கா" என்றாள். "நான் வந்து பிரிக்கிற வேலயாவது மிச்சமாவும்."